களத்தில் இறங்கிய கோள்

மாசி மாதத்தில், மிளகாய் காய்ந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், நரியங்களத்து முத்துராக்கின் களத்தில் வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் இறங்கி உட்கார்ந்தது. விழவில்லை, இறங்கியது. கொக்கு வயலில் இறங்குவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்குமே, அந்த மாதிரி பனைமர உயரத்தில் நின்று யோசித்து, இரண்டு நீலச் சிறகுகளில் ஒன்றை மடக்கிக்கொண்டு, இன்னொன்றை மடக்க வராமல் அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, குண்டு மிளகாய்க் குவியலின் உச்சியில் வந்து அமர்ந்து, அமர்ந்த சூட்டுக்கு மிளகாய் நெடி கிளம்பவும் அடுக்கடுக்காகத் தும்மியது. முத்துராக்கு அப்போது களத்தின் மறுகோடியில் மிளகாயைக் காலால் துழாவிக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதலில் தோன்றியது பயமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அடியில் கிடக்கிற காய் இன்னும் சரியாகக் காயவில்லையே, இது உட்கார்ந்து நசுக்கினால் பூஞ்சை பிடித்துவிடுமே என்பதுதான் தோன்றியது.

"ஏ, அங்கிட்டுத் தள்ளி உக்காரு. அது இன்னும் காயலை" என்றாள்.

செயற்கைக்கோள் மறுபேச்சுப் பேசாமல் ஓர் எட்டு நகர்ந்து, காய்ந்த பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஷேர் ஆட்டோ அளவு இருக்கும். உடம்பெல்லாம் பொன்னிறத் தாள் சுற்றி, அதுவும் அங்கங்கே உரிந்து தொங்க, கல்யாணம் முடிந்தும் பிரிக்காமல் விட்ட பந்தல் மாதிரி இருந்தது. முன்பக்கம் ஒரே ஒரு பெரிய கண். மேலேயிருந்து பார்த்தே பழகின கண் என்பதால், குவியல்மேல் இருந்துகொண்டு ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் தலை உச்சியையே பார்த்தது.

வெயில் ஏறுவதற்குள் ஊர் முழுக்க வந்துவிட்டது. வந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வரவில்லை. ஒருவன் கையில் மண்வெட்டியோடும், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடும், இன்னொருத்தி அரைத்த மாவு கையில் காயக் காயவும் வந்து நின்றார்கள். நரியங்களத்துக்காரர்கள் எதற்கும் சட்டென்று வாயைப் பிளக்கிறவர்கள் அல்ல. ஐப்பசியில் பெய்யவேண்டிய மழை ஏமாற்றிவிட்டு, மிளகாய் காய்கிற நேரத்தில் கொட்டித் தீர்த்தால்கூட, "சரி, பேய்ஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுச் சாக்கை எடுத்துக்கொண்டு களத்துக்கு ஓடுகிறவர்கள். பள்ளிக்கூடத்து பவுன்ராஜ் வாத்தியார்தான் அதைச் சுற்றிவந்து பார்த்து, இது செயற்கைக்கோள், பூமியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், எங்கே வெள்ளம், எங்கே தீ, எங்கே என்ன பயிர் என்று மேலேயிருந்தே பார்த்துச் சொல்லும் என்று விளக்கினார்.

"கோளா?" என்றாள் பஞ்சவர்ணம்.

பஞ்சவர்ணம் முத்துராக்கின் நாத்தனார், புருஷனுக்கு மூத்த அக்காள். வெளியூரிலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, இந்த ஊரையே தன் வாய்க்குள் போட்டுக்கொண்டவள்.

"இங்க கோள் சொல்ல ஆளா இல்லை? நாங்க இருக்கறது பத்தாதுன்டு ஒசக்க இருந்து வேற ஒண்ணை எறக்கி விட்டாகளாக்கும்?"

"அந்தக் கோள் இல்லைம்மா" என்றார் வாத்தியார். "கோள்னா கிரகம்."

"கிரகமா? எது, சனியா?"

செயற்கைக்கோள் அதுவரைக்கும் பேசவில்லை. இப்போது, பாடப்புத்தகத்தை நிறுத்தி நிறுத்தி வாசிப்பது போன்ற தமிழில், "கோள் சொல்வது என்றால் என்ன?" என்று கேட்டது. வானத்தில் அதற்கு எல்லா வேலையும் சொல்லிக் கொடுத்தவர்கள், அதன் பேருக்கு என்ன அர்த்தம் என்று மட்டும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"ஒருத்தர் செய்றதை அவுகளுக்குத் தெரியாமப் பாத்துட்டு, இன்னொருத்தர்ட்டப் போயிச் சொல்றது" என்றாள் பஞ்சவர்ணம்.

"ஆமாம். என் வேலை அதுதான்" என்றது.

அன்றிலிருந்து அந்த ஊரில் அதற்குக் கோள் என்றே பேர் ஆகிவிட்டது. ஏன் வந்தாய் என்று கேட்டதற்கு, வருஷா வருஷம் இந்த இடத்தில் ஒரு தீ எரிகிறது, அது பரவவும் இல்லை, அணையவும் இல்லை, நானும் தீ தீ என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் அணைக்கவும் வரவில்லை, என்னவென்று கிட்டப் போய்ப் பார்த்துவிடலாம் என்றுதான் இறங்கினேன் என்றது. களத்தில் பரப்பிக் கிடந்த சிவப்பைப் பார்த்துவிட்டு ஊரே சிரித்தது. முத்துராக்கு ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளி அதன் கண்ணுக்கு முன்னால் காட்டி, "இதுதான் ஓந் தீ" என்றாள். அது திரும்பவும் தும்மியது.

இங்கே முத்துராக்கின் சங்கதியைச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் வாழவந்தான், அக்காளைக் கட்டிக்கொடுத்த ஊருக்கு விருந்துக்கு வந்து, முத்துராக்கைப் பார்த்துவிட்டு, அப்படியே இங்கே தங்கிவிட்டவன். நெட்டையான ஆள், கட்டுக் கட்டாகச் சுருட்டை முடி, சிரித்தால் முன்பல்லில் பாதி உடைந்திருப்பது தெரியும். லாரி ஓட்டினான். மிளகாய் மூடை ஏற்றிக்கொண்டு ஆந்திராப் பக்கம் போனவன் திரும்பி வரவில்லை. லாரி, வெள்ளம் வடிந்த பிறகு ஒரு ஆற்று மணலில் சாய்ந்து கிடந்து அகப்பட்டது, ஆள் அகப்படவில்லை. ஆள் செத்தானா, போனானா என்பதில் ஊர் இரண்டு பட்டது. அதில் பெரிய கூட்டம், அவன் ஆற்றில் நீந்திக் கரையேறி, லாரியும் வேண்டாம் ஊரும் வேண்டாமென்று அங்கேயே ஒருத்தியோடு ஒதுங்கிவிட்டான் என்றது. ஏனென்றால் அவனுக்கு ரெட்டைச் சுழி. தலையில் ரெட்டைச் சுழி இருந்தால் ரெண்டு கல்யாணம் என்பதில் அந்த ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவன் நலுங்கன்றைக்குப் பந்தலில் நின்று தானே அதைச் சொல்லிச் சிரித்தவன். முத்துராக்குகூட கல்யாணமான புதிதில் அந்தச் சுருட்டை முடிக்குள் விரல் விட்டுத் தேடிப் பார்த்தாள்; ஒன்றுதான் அகப்பட்டது; இன்னொன்று அடியில் ஒளிந்து கிடக்கிறது, நல்லாத் தேடு என்று அவளைச் சீண்டினான்.

அவன் செத்துத்தான் போனான் என்று அடித்துச் சொன்னவள் பஞ்சவர்ணம் ஒருத்தி. எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் கிடையாது. செத்தான், அவ்வளவுதான், செய்யவேண்டிய காரியத்தைச் செய்யுங்கள், இவள் தாலியை இறக்குங்கள் என்று திருவிழாவுக்குத் திருவிழா வந்து நிற்பாள். உடன்பிறந்தவனை இப்படிச் சாகடிக்கத் துடிக்கிறாளே என்று ஊர் அவளைக் கரித்துக் கொட்டியது. முத்துராக்குக்கும் அவள்மேல் ஆறாத கோபம். ஒவ்வொரு நாள் காலையும் கண்ணாடி முன்னால் நின்று, கனகாம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வைப்பதா வேண்டாமா என்று தனக்குள் ஒரு வழக்கு நடத்தி, கடைசியில் துணுக்கு ஒன்றை வைத்துக்கொண்டுதான் களத்துக்கு வருவாள். திருவிழாவில் முளைப்பாரி எடுக்கிற பெண்களோடு அவளை மட்டும் சேர்ப்பதா விடுவதா என்று பேச்சு எழும்பும், அவளே ஒதுங்கிக்கொள்வாள். அவள் சுமங்கலியும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

இப்போது உலகத்தையே மேலேயிருந்து பார்த்த ஒன்று அவள் களத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது. ஊரே வந்து கேட்டது, அவள் கேட்கவில்லை.

முதலில் கேட்டவர்கள் பெரிய தோட்டத்து அண்ணன் தம்பி. வரப்பை யார் நகர்த்தினார்கள் என்று வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கோளுக்கு ஆட்களின் பேரும் தெரியாது, முகமும் தெரியாது, உச்சிதான் தெரியும். "இடஞ்சுழி உழும்போதெல்லாம் வரப்பு கிழக்கே நகர்கிறது" என்றது. இரண்டு பேரில் யார் இடஞ்சுழி? தன் உச்சியைத் தானே பார்க்கிற கண் எவனுக்கும் இல்லையே. இரண்டு பேரும் ஊர் பார்க்க ஒருவருக்கொருவர் தலையைக் குனிந்து காட்டவேண்டியதாயிற்று. தம்பி குனிந்தபோது அண்ணன் பார்த்தது சுழியை அல்ல, பளபளவென்றிருந்த வழுக்கையை. "ஏன்டா, எப்படா இப்படிக் கொட்டுச்சு?" என்று அவர் கேட்டுவிட்டார்; கேட்டதும் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது; வரப்பு வழக்கு அத்தோடு என்ன ஆனதென்று பிறகு யாருமே விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு கோளிடம் கூட்டம் தாங்கவில்லை. ஆடு தொலைத்தவன் வந்தான், எந்த முள்ளுக்குள் மாட்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனான். கண்மாய்க் கரையில் மண் அள்ளுவது யார் என்று கேட்டார்கள், "சிவப்புத் துண்டு" என்றது, மறுநாள் ஊரில் ஒரு சிவப்புத் துண்டைக்கூடக் காணோம். ஆண்கள் முண்டாசு இல்லாமல் வெளியே வரப் பயந்தார்கள், பெண்கள் வெயில் இல்லாத நேரத்திலும் குடை பிடித்தார்கள், சலூன் குருசாமியிடம் போய், என் சுழியைக் கொஞ்சம் மாற்றி வெட்ட முடியுமா என்று இரண்டொருவர் காதோடு கேட்டார்கள். கிரகம்தானே என்று எள் விளக்கு கொண்டுவந்து அதைச் சுற்றினவர்களும் உண்டு. சுற்றுவது என் வேலை, நீங்கள் சுற்றினால் எனக்கு மயக்கம் வருகிறது என்று அது கெஞ்சியது. ஒரு ஜீப்பில் ஆபீசர்கள் வந்தார்கள். கையில் இருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, நம்முடையதெல்லாம் மேலேயேதான் இருக்கிறது, ஆகையால் இது இங்கே இல்லை என்று முடிவு சொல்லிவிட்டு, ஆளுக்கொரு இளநீர் குடித்தார்கள். ஜீப்பில் ஏறுவதற்கு முன்னால் ஒரு ஆபீசர் மட்டும் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்து, "எனக்கு எப்படி?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

கோள் சொல்வதைக் கேட்க வந்தவர்கள் போகப் போகத் தங்கள் உச்சியைக் கேட்கவே வந்தார்கள். பிறந்ததிலிருந்து கூடவே இருக்கிற ஒன்று, தன் கண்ணுக்கு மட்டும் தெரியாத ஒன்று, எப்படி இருக்கிறதென்று தெரிந்துகொள்ளும் ஆசை யாரையும் விடவில்லை. யாருக்கும் தலை வணங்காத ஊர்ப் பெரியவர்கள் அந்தக் களத்தில் வரிசையில் நின்று தலை குனிந்தார்கள். பிறந்த பிள்ளையைக் கோவிலுக்குத் தூக்கிப் போகுமுன் இங்கே தூக்கி வந்தார்கள். கோளும் சலிக்காமல், இது வலஞ்சுழி, இது இடஞ்சுழி, இது சுழி நெற்றிப் பக்கம் இறங்கினது என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்கும் மனிதர்களைக் கிட்டத்தில் பார்ப்பது புதிது. தூரத்தில் புள்ளி புள்ளியாகப் பார்த்ததெல்லாம் பேன் பார்க்கவும், எண்ணெய் வைக்கவும், சொறிந்துகொள்ளவும் செய்கிறதே என்று ஒவ்வொன்றையும் என்ன என்ன என்று கேட்கும்.

ஆனால் அகல வகிட்டுக்காரி ஒருத்தி, பட்டணத்துக் காலேஜில் படிக்கிற தன் மகன் எப்படி இருக்கிறான் என்று ஆசையாக வந்து கேட்டாள். அவன் அந்தக் கட்டடத்துக்குள் ஒரு நாளும் போனதில்லை, பாலத்தடியில் நாலு பேரோடு உட்கார்ந்திருப்பான் என்று கோள் சொல்லிவிட்டது. அதற்குக் கூட்டியும் தெரியாது, குறைத்தும் தெரியாது. அந்தப் பொம்பளை அங்கேயே உட்கார்ந்து, கொண்டுவந்த தூக்குவாளியைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் போகிற நடையைப் பார்த்ததிலிருந்து முத்துராக்குக்குத் தன் கேள்வியைக் கேட்க வாய் வரவில்லை. காலையில் வருவாள், தலையில் சும்மாட்டைச் சுற்றி, அதன்மேல் கூடையை ஏற்றிக்கொண்டு, கோள் இருக்கிற பக்கம் தலையைக் காட்டாமலேயே வேலை பார்ப்பாள். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை, மிளகாய் கிளறுகிற கால் அது பாட்டுக்கு அவளைக் குவியல் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும், ஒரு பேச்சுக்கு வாயைத் திறப்பாள், "சிறகுல வெயில் படுதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள்.

பங்குனி பிறந்தது. மிளகாய் சலசலவென்று காய்ந்து மூடை பிடிக்கத் தயாராயிற்று. தீ அணையப் போகிறது, எனக்கு இனி இங்கே பார்க்க ஒன்றும் இல்லை, இதை அள்ளி முடித்ததும் நான் கிளம்பிவிடுவேன் என்றது கோள். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. முளைப்பாரிக்கு விதை போடப் பெண்கள் பேர் சேர்க்கிறார்கள். கடைசி மூடையைத் தைக்கிற அன்று காலையில், பஞ்சவர்ணம் பெண்களையும் கூட்டிக்கொண்டு களத்துக்கே வந்துவிட்டாள்.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும். நாளைக்கு இது பறந்து போயிரும். கேளு முத்துராக்கு" என்றாள்.

"என்னத்தக் கேக்கச் சொல்றீக மதினி?"

"செத்தானா இருக்கானான்டு கேளு."

"ஒங்களுக்குத்தான் செத்தாகன்டு தெரியுமே, நீங்களே கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன். தாலி ஓங் கழுத்துலதான கெடக்கு" என்றாள் பஞ்சவர்ணம். குரலில் எப்போதும் இருக்கிற அதட்டல் இல்லை. அது முத்துராக்குக்கு வினோதமாக இருந்தது.

முத்துராக்கு கூடையை இறக்கி வைத்தாள். சும்மாட்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோளுக்கு முன்னால் போய் நின்றாள். இருக்கிறான் என்று சொன்னால் அவன் யாரோடு இருக்கிறான் என்பதையும் இது சொல்லும். இல்லை என்று சொன்னால் இந்தக் கனகாம்பரம் இன்றோடு சரி. இரண்டில் எதை ஆசைப்படுவதென்று அவளுக்கே தெரியவில்லை. தெரிந்தால் போதும் என்று மட்டும் இருந்தது.

"ரெட்டைச் சுழிக்காரரு ஒருத்தரு" என்று ஆரம்பித்தாள். "நெட்டையா இருப்பாக. சுருட்டை முடி. நம்ம மிளகாயை ஏத்திக்கிட்டு லாரியில வடக்க போனாக. அவுக எங்க இருக்காகன்டு பாத்தியா?"

"ரெட்டைச் சுழி உள்ள ஆண் யாரும் இந்த ஊர்ப் பாதையில் லாரியில் போகவில்லை" என்றது கோள்.

"நல்லா நெனைச்சுப் பாரு."

"எனக்கு மறதி கிடையாது. இந்த ஊரில் ரெட்டைச் சுழி ஒன்றே ஒன்றுதான். அது கேட்கிறவர் தலையில் இருக்கிறது."

முத்துராக்கு தன் கையைத் தூக்கித் தன் உச்சியில் வைத்தாள், குட்டு வாங்கின இடத்தைத் தடவுகிற மாதிரி. சின்ன வயதில் அவள் அம்மா தலை சீவும்போது உச்சியில் வந்ததும் அவசரம் அவசரமாக மூடி, இறுக்கிப் பின்னிவிடுவது அவளுக்கு ஞாபகம் வந்தது. நீளமான முடி, எண்ணெய், வகிடு, பூ என்று அதற்கு மேல் எத்தனையோ இருந்திருக்கிறது. பக்கத்தில் நின்றவள் எட்டி அவள் தலையைப் பார்க்க முயல, முத்துராக்கு அவளைப் பார்க்காமல் கோளையே பார்த்தாள்.

"அப்ப லாரியில போனது?"

"லாரியில் போனவருக்கு ஒரு சுழி. வலஞ்சுழி. முதலில் எனக்கும் தெரியவில்லை, சுருட்டை மறைத்திருந்தது. தலை நனைந்து முடி படிந்த அன்றுதான் தெரிந்தது. வானம் வெளுத்திருந்தது. மழை மேற்கே பெய்து முடிந்து தண்ணீர் மட்டும் வந்துகொண்டிருந்தது. தரைப்பாலத்தின் நடுவில் லாரி. மூடைகள் மிதந்து போயின. அவர் லாரிக் கூரைமேல் ஏறி நின்றார், பிறகு மல்லாந்து படுத்துவிட்டார். மனிதர்களின் முகம் எனக்குக் கிடைப்பதில்லை. அவர் முகம் கிடைத்தது."

"மொகம் எப்படி இருந்துச்சு?"

"முன்பல்லில் பாதி இல்லை. வாய் அசைந்துகொண்டிருந்தது. பாட்டா, யாரையாவது கூப்பிட்டாரா, தெரியாது. அங்கே சத்தம் ஏறி வராது."

"பெறகு?" என்றாள்.

"நான் சுற்றிப் போகவேண்டியவன், நிற்கக் கூடாது. மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தபோது தண்ணீர் கூரையைத் தாண்டி ஓடியது. ஆள் இல்லை. கரையில் எங்கேயும் அந்தச் சுழி ஏறவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் இல்லை. பார்த்துக்கொண்டேதான் போனேன். வெள்ளம் என்று சொன்னேன். ஆளைப் பற்றி என்னிடம் யாரும் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள்."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. அவன் யாரிடமும் போகவில்லை. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் கிடந்து அறுத்த ஒன்று நின்றுபோய், அந்த இடத்தில் அவன் இல்லை என்பது முழுசாக வந்து இறங்கியது. ஆனால் அழுவதற்கு அவளை விடவில்லை. பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஆரம்பித்தது, "அப்ப இவ சுழிதான் அவரை..." என்று ஒருத்தி சொல்லி முடிக்காமல் நிறுத்தினாள், முடிக்காத இடத்தை மற்றவர்கள் கண்ணாலேயே முடித்துக்கொண்டார்கள். ஒருத்தி அவள் முடியை விலக்கி உச்சியைப் பார்க்கக் கையை நீட்டினாள்.

"எவளும் பாக்க வேணாம்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள் பஞ்சவர்ணம். "நான் பாத்துட்டேன். நலுங்கன்னைக்கே பாத்துட்டேன்."

முத்துராக்கு திரும்பினாள்.

"ஓந் தலையில எண்ணெய் வைக்கிறேன், வெரலுக்கு அடியில ரெண்டு சுழி சுத்துது. கை அப்படியே நின்னுபோச்சு. எதுத்தாப்புல இருந்து எந்தம்பி பாத்துட்டான். என்னையக் கொல்லைக்கு இழுத்துட்டுப் போயி, அக்கா, நீ வாயத் தெறந்தே, நான் இந்தப் பந்தல்லயும் தாலி கட்ட மாட்டேன், வேற எந்தப் பந்தல்லயும் கட்ட மாட்டேன்ன்டான். ரெண்டு கல்யாணம்டா அவளுக்கு, மொத ஆளு நீதான்டா, நீ நெலைக்க மாட்டடான்டு கால்ல விழாத கொறையாச் சொன்னேன். சிரிக்கிறான் பாவி. நேரா வந்து பந்தல்ல நின்னு, ரெட்டைச் சுழி எனக்குத்தான்டு ஊருக்கே சொல்லிட்டான். ஒரு பந்தல்ல ஒண்ணு இருந்தாப் போதும்க்கா, ரெண்டாவதை எவனும் தேட மாட்டான்ன்டான்."

"மதினி..."

"ஊரே எந்தம்பிய வைப்பாட்டி வச்சிருக்கான்டு பேசுச்சு. ஒத்தைச் சுழிடி அவன், எங்கிட்டும் போக மாட்டான், செத்துத்தான் போயிருப்பான்டு எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்டு கேட்டா நான் என்னத்தச் சொல்லுவேன்? சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டான்ல. அவனுக்கு ஒரு கை எள்ளுத்தண்ணி விடக்கூட வழியில்லாம, தம்பியக் கொல்லத் துடிக்கிறவளுன்டு பேரு வாங்கிக்கிட்டு நின்னேன்."

முத்துராக்கு அவளைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அவள்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கேட்கப் பயந்த கேள்வியைக் கேட்டாள். "எஞ் சுழிதான் அவுகளத் தின்னுருச்சா மதினி?"

அத்தனை நாளும் பஞ்சவர்ணமும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அது அவள் முகத்தில் ஒளிக்க முடியாமல் தெரிந்தது. அவள் கோளைப் பார்த்தாள், மூடைகளைப் பார்த்தாள், பிறகு முத்துராக்கின் தலையில் தன் கையை வைத்து உச்சியை அழுத்தி மூடினாள்.

"ஆத்துலயும் சுழி கெடக்கும்டி" என்றாள். "தின்னது அந்தச் சுழி. இந்தா, கண்ணால பாத்தது சொல்லுதுல்ல."

அப்போதுதான் முத்துராக்கு களத்தில் அப்படியே உட்கார்ந்தாள். பஞ்சவர்ணமும் கூடவே உட்கார்ந்து அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். கூட்டத்தில் வயசான ஒரு பொம்பளை, இனி ஆகவேண்டியதைப் பார்க்கணுமே, முதல்ல இதை எடுத்துருவோம் என்று முன்னால் வந்து, முத்துராக்கின் தலையில் இருந்த கனகாம்பரத்துக்குக் கையைக் கொண்டுபோனாள்.

பஞ்சவர்ணம் அந்தக் கையைத் தட்டிவிட்ட சத்தம் களம் முழுக்கக் கேட்டது.

"பூவுல கைய வச்சே, ஒடிச்சுப்புடுவேன். அவ ரெட்டைச் சுழிக்காரி. ஒண்ணுதான முடிஞ்சிருக்கு?"

"ஆத்தாடி, நீதான தாலிய எறக்கு எறக்குன்டு வருசம் பூராம்..."

"எந்தம்பி கட்டுனதை எறக்கச் சொன்னேன். பூவை எடுக்கச் சொன்னேனா? தீட்டுக் கழியட்டும். வார வருசம் மொத முளைப்பாரி இவ தலையிலதான். எவளுக்கு வாய் இருக்கோ வந்து பேசட்டும்."

முத்துராக்கு நெஞ்சில் அறைந்துகொண்டு, வாழவந்தான் பேரைச் சொல்லி, அவன் உடைந்த பல்லைச் சொல்லி, மூடி வைத்த பொய்யைச் சொல்லி, வயிற்றிலிருந்து கத்தினாள். பஞ்சவர்ணம் அதற்கு மேல் குரலை எடுத்தாள். தயங்கி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக்கொண்டார்கள். கோள் எப்போது எழும்பிப் போனதென்று யாரும் கவனிக்கவில்லை. தலையில் பூவோடு ஒருத்தி தன் புருஷனுக்கு மாரடித்து அழுததை நரியங்களம் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது.